பச்சைத் தண்ணீரின் நிறம்

சாங்கிக் கடற்கரையில் விடியற்காலையில் நின்று ஜொகூர் நீரிணையை நோக்குவோர்க்குக் கடல் சாம்பல் படிந்த வெண்மையாகத் தோன்றும். வெயில் ஏறியதும் எதிரே புலாவ் உபின் தீவின் மரச்செறிவு நீரில் சாயல் காட்ட, அது பாசிநிறம் கொள்ளும். பெருமழை ஓய்ந்த பிற்பகலில் மண் கலங்கிய பழுப்பாகும். அந்தி சாய்ந்த பின்னர் ஈயத்தை உருக்கி ஊற்றியது போலக் கிடக்கும். ஆயினும் அக்கரையில் பள்ளிப் பிள்ளைகளை அமர்த்தி, ஆளுக்கொரு வண்ணப்பெட்டியைத் தந்து, கடலை வரையுமாறு பணித்தால், பெரும்பாலான தாள்களில் கடல் நீலமாகவே விளங்கும். கண்முன் கிடந்த கடலைப் பிள்ளைகள் காணாமல் இல்லை. கண்டார்கள், ஆயின், கை இயங்கியது கண்ணின் ஏவலால் அன்று, 'கடல் நீலம்' என்று முன்னரே கற்றுவைத்த சொல்லின் ஏவலால்.

இச்சிறு நிகழ்ச்சிக்குள் பெரியதொரு வினா ஒளிந்திருக்கிறது. மனிதன் முதலில் நிறத்தைக் கண்டு பின்னர் அதற்குப் பெயரிட்டானா? அல்லது பெயரைப் பெற்ற பின்னரே நிறத்தைத் தனியாகக் காணக் கற்றானா? ஒரு மொழியில் ஒரு நிறத்திற்குச் சொல் இல்லையெனில், அம்மொழி பேசுவோர் அந்நிறத்தைக் காணாதவர் என்று கூறுதல் தகுமா? ஏட்டறிஞர்கள் பொழுதுபோக்காக எழுப்பிய வினா என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. ஒரு மக்களின் சொற்களை எண்ணிப் பார்த்து அம்மக்களின் கண்ணையும் அறிவையும் எடைபோட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த எடைக்கல் இன்னும் முற்றிலும் தூக்கி எறியப்படவில்லை.

பின்னாளில் பிரிட்டனின் பிரதமராய் விளங்கிய கிளாட்ஸ்டன், 1858ஆம் ஆண்டில் ஹோமரின் காப்பியங்களைப் பற்றிப் பெரியதோர் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். கடலுக்குத் திராட்சை மதுவின் சாயலைக் கூறும் அக்கவிஞர், வானைப் பற்றி எத்தனையோ அடைமொழிகளைத் தந்தும் அதனை நீலம் என்று ஓரிடத்தும் சொல்லாதது அவருக்கு வியப்பளித்தது. பண்டைக் கிரேக்கரின் நிற உணர்வு முழுமையாக வளர்ந்திருக்கவில்லை என்னும் முடிவுக்கு அவர் வந்தார். ஹியூகோ மாக்னஸ் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர் 1877இல் இக்கருத்தை மேலும் நீட்டி, மனிதக் கண்ணே படிப்படியாகத்தான் நிறங்களை அறிய வல்லதாயிற்று என்று எழுதினார். இதனை ஒட்டி, தம் காலத்தில் வாழ்ந்த 'நாகரிகம் குறைந்த' மக்களிடம் சான்று தேடலாயினர் ஐரோப்பியர். பெர்லின் விலங்குக்காட்சிச் சாலையில் காட்சிப்பொருள்களாகக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருந்த நூபிய மக்களுக்கு முன்னே வண்ணக் கம்பளி இழைகளை நீட்டிச் சோதித்தனர். அவர்களுள் சிலரிடம் நீலத்திற்குத் தனிச்சொல் இல்லை. ஆனால், இழைகளைப் பிரித்தறிவதில் எவரும் தவறவில்லை. சோதித்தவர்கள் கண்டது அந்த மக்களின் கண்ணில் குறையில்லை என்பதை. மனிதரை விலங்குக்காட்சிச் சாலையில் நிறுத்தியோரின் பார்வையில் இருந்த குறையைச் சோதிக்க எந்தக் கம்பளி இழையும் அன்று எடுக்கப்படவில்லை.

தமிழ்நாட்டு மலைகளும் இந்த ஆராய்ச்சிக்குத் தப்பவில்லை. டாரஸ் நீரிணைத் தீவுகளில் 1898ஆம் ஆண்டு மக்களின் பார்வையைச் சோதித்த ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், பின்னர் நீலகிரிக்கு வந்து தோடர்களிடமும் வண்ணச் சோதனைகளை நடத்தினார். தோடர்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1906இல் வெளிவந்தது. நீலம் என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய மலையில், நீலத்தைக் காண்கிறார்களா என்று ஆராய்ந்தது காலத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

இனி, தமிழிலேயே நிறங்கள் எவ்வாறு பகுக்கப்பட்டன என்று காண்பது பொருந்தும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூல், உயிரில்லாப் பொருள்களின் குணங்களை எண்ணுமிடத்தில் வண்ணம் ஐந்து என்கிறது. உரையாசிரியர்கள் அவற்றை வெண்மை, கருமை, செம்மை, பொன்மை, பசுமை என விரிப்பர். இவ்வரிசையில் நீலம் இல்லை. நீலம் என்னும் சொல் பழந்தமிழுக்குப் புதியதன்று. குவளை இனத்துப் பூவொன்றையும் மணியொன்றையும் அது குறித்தது. ஆயினும், ஐந்து என எண்ணிய இலக்கண மரபு அதற்குத் தனி இருக்கை அளிக்கவில்லை. அதன் ஒரு பகுதி கருமைக்குள்ளும் ஒரு பகுதி பசுமைக்குள்ளும் அடங்கிற்று. திருமாலை ஒரே அடியவர் கூட்டம் கார்முகில் வண்ணன் என்றும், நீலமேனியன் என்றும், மரகத வண்ணன் என்றும் மாறிமாறிப் போற்றியதில் எவரும் முரண் காணவில்லை. இன்றைய மாணவன் ஒருவன் எழுந்து, 'ஐயா, கறுப்பா, நீலமா, பச்சையா? ஒன்றைச் சொல்லுங்கள்' என்று கேட்டால், ஆசிரியர் திகைக்க வேண்டியதில்லை. அம்மூன்றுக்கும் இடையே அவன் இழுக்கும் கோடு அவ்வடியார்கள் இழுக்காத கோடு என்பதே விடை.

தொல்காப்பியம் இதனினும் ஆழமானதொரு குறிப்பைத் தருகிறது. சொல்லதிகாரத்து உரியியலில், கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களையும் சினத்தைக் குறிப்பனவாக முதலில் வைத்து, அவை நிறத்தை உணர்த்தவும் உரியன என்று அதன்பின் கூறுகிறது. இன்று நிறம் முன்னும் சினம் பின்னுமாக எண்ணுவது இயல்பு. 'முகம் சிவந்தான்' என்றால் நிறத்திலிருந்து சினம் பிறந்ததாகக் கொள்வர். இலக்கண ஆசிரியரோ சினத்தை முன்னே நிறுத்துகிறார். நிறம் என்பது பொருளின் மேல் பூசிய பூச்சு மட்டுமன்று, உயிரின் உள்ளிருந்து வரும் மாற்றத்தின் அடையாளம் என்னும் பார்வை இதில் தெரிகிறது. (கறுப்பு என்பதை வல்லின றகரமிட்டு எழுதுவதா, இடையின ரகரமிட்டு எழுதுவதா என மாணவர் மயங்குவது உண்டு. 'கருப்பு' என்பது பழைய வழக்கில் பஞ்சத்தையும் குறித்தது என்பதை இவ்விடத்தே சொல்லிவைத்தால் மறக்கமாட்டார்கள்.)

பசுமைக்கு வரும்பொழுது பொருள் இன்னும் செழிக்கிறது. பச்சை என்பதை இலையின் நிறம் என்றே இன்றைய பாடநூல் கற்பிக்கிறது. ஆயின், வீட்டு வழக்கைச் செவிமடுத்தால் அது இலையோடு நிற்கவில்லை. பச்சரிசி வெண்ணிறம் உடையது. பச்சைக் கற்பூரமும் வெண்மையே. பச்சைப்பால் என்பது காய்ச்சாத பால். பச்சைப்புண் செக்கச்செவேல் என்றிருக்கும். பச்சைத்தண்ணீருக்கு நிறமே இல்லை. சூளையில் இடாத கல் பச்சைக்கல். பிறந்து சில நாளேயான மகவு பச்சைக்குழந்தை. ஈன்ற தாயின் உடம்பு பச்சையுடம்பு. கையில் குத்திய கோலம் கருநீலமாய்த் தோன்றினாலும் அதற்குப் பச்சை குத்துதல் என்றே பெயர். நெருப்பும் வெயிலும் காலமும் இன்னும் தொடாத நிலை எதுவோ அதனைத் தமிழர் பச்சை என்றனர். (பசும்பாலை மட்டும் இப்பட்டியலில் சேர்த்துவிடலாகாது; அங்கே நிற்பது பசு என்னும் விலங்கு.)

பசும்பொன் என்னும் தொடரில் அச்சொல் மஞ்சளின் பக்கம் சாய்கிறது. தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியில் படரும் பசலை, பீர்க்கம்பூவின் நிறத்தோடு ஒப்பிடப்படுவது. பீர்க்கம்பூ மஞ்சளே. பசப்பு என்பது நிறத்தைக் குறிக்கும் சொல் என்று உரியியல் உரைக்கிறது. திருக்குறளோ 'பசப்புறு பருவரல்' என்று அதற்கு ஓர் அதிகாரமே, 119ஆவதாக, வகுத்துத் தந்தது. இலை பசுமையாய்த் தோன்றி முற்றிப் பழுக்கும்பொழுது அடைவது பழுப்பு. இன்று பச்சையும் பழுப்பும் வண்ணப்பெட்டியில் இரு தனித்தனிக் குச்சிகள். சொல்லின் வேரில் அவை ஒரே இலையின் இரு பருவங்கள்.

இவ்வாறு பகுத்தது தமிழ் மட்டுமன்று. பிலிப்பீன்ஸ் நாட்டு மிண்டோரோத் தீவில் வாழும் ஹனுனோவ் மக்களைப் பற்றி ஹரால்டு கான்கிளின் என்னும் மானிடவியலார் 1955இல் எழுதிய சிறு கட்டுரை, இத்துறையில் இன்றளவும் போற்றப்படுகிறது. அம்மொழியில் பொதுவான நிறச்சொற்கள் நான்கே. இருளைச் சார்ந்தவை 'மபிரு', ஒளியைச் சார்ந்தவை 'மலக்தி', சிவப்பைச் சார்ந்தவை 'மரரா', பசுமையைச் சார்ந்தவை 'மலத்துய்' என்று அவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். ஆயினும், கடைசி இரண்டும் வெறும் நிறங்கள் அல்ல; ஒன்று உலர்வையும் மற்றது ஈரத்தையும் உள்ளடக்கியவை. புதிதாக வெட்டிய மூங்கிலின் ஈரம் மின்னும் பகுதி, கண்ணுக்குப் பழுப்பாக இருந்தும், அவர்களுக்கு 'மலத்துய்'. பச்சைப்புண் சிவப்பாக இருந்தும் தமிழர்க்குப் பச்சை. கடல்கள் பிரித்த இரு மக்கள், வேறு வேறு மொழிக் குடும்பத்தினர், ஈரம் காயாத உயிர்ப்பை ஒரே சொல்லில் அடக்கியுள்ளனர். ஹனுனோவ் மொழியின் உறவாகிய மலாயில் 'பிரு' என்பது இன்று நீலம். அங்கு 'மபிரு' என்பது இருள். நீலம் இருளின் பிள்ளை என்பதற்கு இவ்வொலி ஒற்றுமை ஒரு குறிப்பாகலாம்.

சிங்கப்பூரில் வாழும் மாணவர்க்கு இத்தகைய எடுத்துக்காட்டுகளைத் தேடி நூலகத்துக்குச் செல்ல வேண்டிய தேவையில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். சீன மொழியின் 'சிங்' என்னும் பழஞ்சொல் புல்லின் பசுமையையும், வானின் நீலத்தையும், கூந்தலின் கருமையையும் இடத்திற்கேற்பக் குறிக்கும். மலாயில் இளஞ்சிவப்பு 'மேரா ஜம்பு', அதாவது ஜம்புப் பழச் சிவப்பு. ஜம்பு என்பது வடமொழியில் நாவலைக் குறிக்கும் சொல். இலங்கைத் தமிழரோ நாவல் நிறம் என்றால் ஊதாவைக் கொள்வர். ஒரு சொல் கடல் கடந்தபொழுது பழமும் மாறிற்று, நிறமும் மாறிற்று. சாம்பல் நிறத்தை மலாய்க்காரர் 'கெலாபு' என்பர். அதனுள் 'அபு' என்னும் சாம்பல் இருக்கிறது. தமிழரும் சாம்பலையே சொல்கின்றனர். அடுப்பு எல்லா வீட்டிலும் எரிந்தது.

1969ஆம் ஆண்டில் பிரென்ட் பெர்லின், பால் கே என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், 98 மொழிகளை ஆராய்ந்து ஒரு கொள்கையை முன்வைத்தனர். மொழிகள் தம் விருப்பம் போல நிறங்களைப் பகுப்பதில்லை, இரண்டே அடிப்படைச் சொற்கள் இருப்பின் அவை இருளும் ஒளியுமாம், மூன்றாவது வருவது சிவப்பு, அதன்பின் பச்சையும் மஞ்சளும் முன்பின்னாக வரும், ஆறாவதாக நீலம், பழுப்பும் ஊதாவும் மற்றவையும் அதற்கும் பின்னரே என்றனர். நன்னூலார் எண்ணிய ஐந்தும், அவ்வரிசையில் நீலத்திற்கு முந்திய படியோடு அப்படியே ஒத்திருப்பதைக் காண வியப்பு மேலிடுகிறது. இவ்வொப்புமையைக் கண்டு பெருமை கொள்வதோ, தமிழ் ஒரு படி தாழ்ந்து நின்றது என்று நாணுவதோ இரண்டும் பேதைமையே. படிகள் என்னும் சொல்லே ஐயத்துக்குரியது. ஏறுவது உயர்வு என்னும் எண்ணத்தை அச்சொல் நுழைத்துவிடுகிறது. மேலும், அவ்வாராய்ச்சியில் நேரில் வினவப்பெற்றோர் 20 மொழியினரே, அவர்களும் பெரும்பாலும் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வாழ்ந்தோர். ஏனைய மொழிகளுக்கு அகராதிகளும் நூல்களுமே சான்றாயின. பளபளக்கும் வண்ணச் சில்லுகளைக் காட்டிப் பெயர் கேட்கும் முறையில், பச்சைத்தண்ணீருக்கும் பச்சைக்குழந்தைக்கும் இடமேது?

ஆங்கிலமே ஒரு காலத்தில் எளிய மொழியாய்த்தான் இருந்தது. ஆரஞ்சுப் பழம் சென்று சேர்ந்த பின்னரே, பதினாறாம் நூற்றாண்டளவில், அப்பெயர் அங்கே நிறப்பெயராக வழங்கலாயிற்று. நெஞ்சு செம்மஞ்சளாக உள்ள ராபின் பறவையை அதற்கு முன்னரே ஆங்கிலேயர் செந்நெஞ்சுப் பறவை என்று அழைத்துவிட்டமையால், அப்பெயர் இன்றும் நிலைத்துள்ளது. வானவில்லில் ஏழு நிறம் என்று எல்லாப் பள்ளிகளிலும் ஒப்பிக்கிறார்களே, அந்த ஏழும் வானத்திலிருந்து எழுதி வரவில்லை. நியூட்டன் முதலில் ஐந்து நிறங்களையே கூறினார். இசையின் ஏழு சுரங்களோடு இசைவு காட்டும் பொருட்டுப் பின்னர் ஆரஞ்சையும் கருநீலத்தையும் சேர்த்தார். ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 நானோமீட்டரிலிருந்து 700 நானோமீட்டர் வரை இடையறாது நீண்டு செல்கிறது. அதில் வேலி எதுவும் இல்லை. வேலியிட்டவன் மனிதன்.

அங்ஙனமாயின், வேலியை எங்கும் இடலாம், எல்லாம் ஒன்றே என்று விட்டுவிடலாமா? அதற்கும் மறுமொழி சாங்கியிலேயே கிடைக்கிறது. 1981இல் சாங்கி விமான நிலையம் இயங்கத் தொடங்கியது. இரவில் அங்கே இறங்கும் விமானி காணும் விளக்குகள் அனைத்துலக விதிப்படி அமைந்தவை. ஓடுபாதையின் தொடக்கத்தில் பச்சை, முடிவில் சிவப்பு, அதன் ஓரங்களில் வெள்ளை. விமானம் ஊர்ந்து செல்லும் இணைபாதையின் ஓரங்களில் நீலம், நடுக்கோட்டில் பச்சை. ஜப்பானிய மொழியில் 'ஆவோ' என்பது நீலம்; ஆயினும் சாலைச் சந்திப்பின் பச்சை விளக்கையும் அவர்கள் 'ஆவோ' என்றே சொல்வர். அவ்வாறு பேசும் நாட்டிலிருந்து வரும் விமானி, இணைபாதையின் ஓரத்தையும் நடுவையும் குழப்பிக்கொண்டு புல்தரையில் விமானத்தை இறக்குவதில்லை. சொல் ஒன்றாயினும் கண் இரண்டாகக் காண்கிறது. கிளாட்ஸ்டன் காலத்து ஐயத்திற்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

ஆயினும், சொல்லுக்கு ஆற்றலே இல்லை என்று எதிர்முனைக்கு ஓடுவதும் பிழை. ரஷ்ய மொழியில் இளநீலத்திற்கும் அடர்நீலத்திற்கும் வேறு வேறு சொற்கள் உள; ஆங்கிலத்தில் போல ஒன்றன் இரு வகைகளாக அவற்றை அவர்கள் கருதுவதில்லை. 2007இல் வெளியான ஆய்வொன்றில், அடுத்தடுத்த இரு நீலச்சாயல்களைப் பிரித்தறியும் வேகம் அளக்கப்பட்டது. இரண்டும் அவ்விரு சொற்களின் எல்லைக்கு இருபுறமும் விழுந்தபொழுது ரஷ்யர் விரைந்து வேறுபாடு கண்டனர். ஆங்கிலம் பேசுவோரிடம் அவ்விரைவு காணப்படவில்லை. இதில் நுட்பமான செய்தி வேறொன்று உண்டு. சோதனை வேளையில் மனத்துக்குள் எண்களை உருப்போடுமாறு பணித்தபொழுது, ரஷ்யரின் அம்மிகை வேகம் மறைந்துவிட்டது. எனவே, சொல் கண்ணை மாற்றிவிடவில்லை. கண்ணின் பக்கத்தில் நின்று காதில் மெல்லக் கூறும் துணைவனாக இருக்கிறது. துணைவன் வேறு வேலையில் இருந்தால் கண் தன் வேலையைத் தானே செய்கிறது. கடற்கரையில் அமர்ந்த பிள்ளைகளின் காதில் 'நீலம், நீலம்' என்று ஓதிக்கொண்டிருந்தவன் இத்துணைவனே.

தேவை உள்ளவிடத்தில் எந்த மொழியும் நிறச்சொல்லுக்குப் பஞ்சப்படுவதில்லை. சிராங்கூன் சாலைச் சேலைக் கடையொன்றில் அரைமணி நேரம் நின்றால் இது விளங்கும். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு, வாடாமல்லி, வெங்காயச் சருகு, மயில்கழுத்து என்று விற்பனையாளர் அடுக்கிக்கொண்டே போவார். பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்து, அசைக்கும்தோறும் மாறும் மயில்கழுத்து நிறத்திற்கு எந்த வண்ணச் சில்லிலும் இடமில்லை. இசைவாணி எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் ஒரு நீலமே சேலைக் கடைகளில் வழங்குகிறது. மாட்டு வணிகர் மயிலை, செவலை, காரி என்பர். தேக்காப் பகுதி ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவங்களால் நிறைந்திருந்தது. பழைய சந்தை 'கண்டாங் கெர்பாவ்', எருமைக் கொட்டில், என்னும் பெயர் பெற்றதும், எருமைச் சாலை என்று ஒரு தெரு இன்றும் இருப்பதும் அதனால்தான். இன்று அதே தெருவில் கீரை வாங்கும் இளைஞர்க்கு மயிலை என்றால் விளங்காது. மாடு போயிற்று, சொல்லும் போயிற்று. அவர்களுடைய கண்ணில் எதுவும் குறைந்துவிடவில்லை.

சொற்குறைவு கலைக்குறைவு ஆகாது என்பதற்கும் சாங்கி ஒரு சான்றைக் காத்துவருகிறது. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்த பின்னர் ராபர்ட்ஸ் படைமுகாமில் நோயாளிகளாகக் கிடந்த போர்க்கைதிகளின் சிறு தேவாலயத்தில், தாமும் கைதியாய் நோயுற்றிருந்த ஸ்டான்லி வாரன் என்னும் படைவீரர் சுவரோவியங்கள் ஐந்தைத் தீட்டினார். வண்ணம் விற்கும் கடை ஏது? படைக்கலங்களை மறைக்கப் பூசும் பழுப்புச் சாயம், வெள்ளை எண்ணெய்ச் சாயம், பில்லியர்ட்ஸ் ஆட்டக் கோலின் நுனியில் தேய்க்கும் சுண்ணக்கட்டி இவை போன்றவற்றைத் தோழர்கள் இடர் பாராது தேடிக் கொணர்ந்தனர். வண்ணம் குறைவாக இருந்தமையால் உருவங்களைப் பெரியனவாக அமைத்து, அகன்ற தூரிகை வீச்சுகளால் தீட்டினார் வாரன். போருக்குப் பின்னர் மறக்கப்பட்டு, 1958இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட அவ்வோவியங்களைச் செப்பனிட அவர் 1963, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் சாங்கிக்கு வந்து சென்றார். சில சாயங்களை மட்டும் உடையவன் சில நிறங்களையே கண்டான் என்று அச்சுவரைப் பார்த்து எவரேனும் சொல்வரோ? சில சொற்களை மட்டும் உடைய மொழியைப் பற்றி அவ்வாறு சொன்னவர்கள் பலர்.

இதுகாறும் கூறியவை இலையையும் கடலையும் பற்றியவை. அவற்றில் வேலி எங்கே இட்டாலும் இலை வருந்தாது. மனிதத் தோலின் மேல் வேலி இடும்பொழுதுதான் இவ்வினா அறத்தின் எல்லைக்குள் நுழைகிறது. தமிழர் தம்முள் ஒருவரைச் 'சிவப்பு' என்பர். அவர் தோல் உண்மையில் எந்தச் சிவப்புப் பொருளையும் ஒத்திராது. அடுத்தவரை 'மாநிறம்' என்பர். இன்னொருவரைக் 'கறுப்பு' என்பர். அவர் தோலோ பழுப்பின் ஒரு சாயலாக இருக்கும். அலைநீளத்தால் அளந்தால் மூவரும் ஒரே வேலிக்குள் நிற்பவர். இங்கே சொல் நிறத்தைப் பிரிக்கவில்லை, மதிப்பைப் பிரிக்கிறது. மணமகள் தேடும் விளம்பரத்தில் வரும் 'சிவந்த நிறம்' வண்ணச்சொல் அன்று, விலைச்சொல். மலாயில் கருநிறத்தாரை 'ஹித்தாம் மானிஸ்', இனிய கறுப்பு, என்னும் வழக்கு உண்டு. அதில் கனிவு இருக்கிறது; ஆயினும் கறுப்புக்கு மட்டும் இனிமையைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருப்பது ஏன் என்று ஆராயுமிடத்து அக்கனிவும் சற்றே கசக்கிறது.

இவ்வேலியைப் பழந்தமிழ் இட்டுத் தந்தது என்று எவரும் தப்பிக்க இயலாது. முல்லை நிலத்துக்குரிய தெய்வத்தை மாயோன் என்று கருமையால் பெயரிட்டு, குறிஞ்சிக்குரியதைச் சேயோன் என்று செம்மையால் பெயரிட்ட மரபு, இரண்டனுள் ஒன்றைத் தாழ்த்தவில்லை. கார் என்றால் மழை, மழை என்றால் வாழ்வு. திருவள்ளுவர் புல்லறிவாண்மை என்னும் அதிகாரத்தில் அறியாமையைக் குறிக்க ஆண்ட சொல் வெண்மை. பள்ளி முற்றத்தில் ஒரு சிறுவன் மற்றொருவனை நிறத்தைச் சொல்லி எள்ளும்பொழுது, அச்சிறுவனுக்கு இச்செய்தியை எடுத்துரைக்கும் ஆசிரியர் இலக்கியம் கற்பிக்கிறாரா, ஒழுக்கம் கற்பிக்கிறாரா என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

வகுப்பறையில் இடர் வேறொரு வாயிலாகவும் வருகிறது. சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் பலர் நிறங்களை முதலில் ஆங்கிலத்தில் கற்று, பின்னர் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு தமிழ்ச் சொல்லை நேர் நிறுத்தி மனனம் செய்கின்றனர். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதாத் தடமும் நீலத் தடமும் சந்திக்கின்றன. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த முதியோர் சிலர் நீலத்தையே ஊதா என்று வழங்குவர். பாட்டி 'ஊதா வண்டியில் ஏறு' என்றால் பேரன் எந்தத் தடத்தில் ஏறுவான்? குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அடையாள அட்டையும் நிரந்தரவாசிகளுக்கு நீல அட்டையும் வழங்கப்படும் நாடு இது. இங்கே நிறச்சொற்கள் ஐயமின்றி வழங்க வேண்டிய இடங்கள் உள. அங்கே பொதுவழக்கை உறுதியாகக் கற்பித்தே ஆகவேண்டும். பேரன் வழிதவறுவதில் மொழிப்பெருமை எதுவும் இல்லை.

ஆனால், பேரன் கற்ற பொதுவழக்கைக் கொண்டு பாட்டியின் சொல்லைப் பிழை என்று அடித்துத் திருத்தும் உரிமை அதனால் வந்துவிடாது. அவ்வாறு திருத்தப்படும் வீட்டில் பாட்டி மெல்ல மெல்லப் பேசுவதைக் குறைத்துக்கொள்வாள். பச்சையுடம்பு, பச்சைமண் முதலிய சொற்கள் அவளோடு அடங்கும். எஞ்சி நிற்கும் தமிழில் பதினொரு நிறங்கள் இருக்கும். பதினொன்றும் ஆங்கிலத்தின் வேலிகளுக்குள் வரிசையாக நிற்கும். சொற்கள் தமிழாக இருந்தும் பார்வை தமிழாக இராது. பயிற்சித்தாளில் 'பச்சைப்பால்' என்னும் தொடருக்குப் பச்சை நிறப் பால் என்று ஒரு பிள்ளை பொருள் எழுதினால், குறுக்குக்கோடு இட்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த தாளுக்குச் செல்வது எளிது. அப்பிள்ளையை அழைத்து, காய்ச்சாத பாலையும் சுடாத மண்ணையும் ஆறாத புண்ணையும் ஒரே சொல்லால் கட்டிய மனத்தை விளக்கிக் காட்டுவதற்குக் கால்மணி நேரம் ஆகும். பாடத்திட்டத்தில் அக்கால்மணிக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்காது. ஆசிரியரே எங்கிருந்தேனும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதே வகுப்பில் இன்னொரு மாணவி, கட்டுரை ஏட்டில், சாங்கிக் கடல் பச்சையாக இருந்தது என்று எழுதியிருக்கலாம். திருத்துவதற்குச் சிவப்பு மைக்கோலை எடுத்த ஆசிரியர், அதனைக் கணநேரம் கீழே வைத்துவிட்டு, எந்த வேளையில் சென்று பார்த்தாய் என்று அவளைக் கேட்கலாம்.